ஓதமும் ஓடமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சிங்கப்பூரின் வடகிழக்கே கிடக்கும் புலாவ் உபின் தீவைப் பற்றி ஒரு பழங்கதை வழங்கி வருகிறது. ஒரு தவளையும் ஒரு பன்றியும் ஒரு யானையும் தம்முள் பந்தயம் கட்டின. சிங்கப்பூர்க் கரையிலிருந்து நீந்தி ஜொகூர்க் கரையை அடைய வேண்டும். அடையத் தவறுவது கல்லாகிவிட வேண்டும் என்பது நிபந்தனை. மூன்றும் நீரில் இறங்கின, மூன்றும் தவறின. யானையும் பன்றியும் கல்லாகி உபின் தீவாயின. தவளை மட்டும் சற்றுத் தள்ளி, புலாவ் செக்குடு என்னும் சிறு பாறைத் தீவாக அமர்ந்துவிட்டது.

ஒரு தீவின் பிறப்பைச் சொல்ல வந்த கதை இது. ஆயினும் கூர்ந்து நோக்குவோர்க்கு இதனுள் வேறொரு செய்தியும் இருக்கிறது. அக்கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில்தான் இருந்தது. தெரிவதெல்லாம் எட்டிவிடும் என்று அம்மூன்றும் எண்ணின போலும். அவை கரையைப் பார்த்தன. இடையிலிருந்த நீரைப் பார்த்ததாகக் கதை எங்கும் கூறவில்லை.

அதே தீவை இன்று கயாக் என்னும் சிற்றோடத்தில் சுற்றிவந்து, ஓர் இரவு அங்கே கூடாரமடித்துத் தங்கித் திரும்ப விரும்புவோர் உளர். அத்தகைய பயணம் ஒன்று எவ்வாறு திட்டமிடப்பட வேண்டும் என்பதே இவ்வுரையின் பொருள். இலக்கிய மேடையில் துடுப்புக்கும் கூடாரத்துக்கும் என்ன வேலை என்று சிலர் வினவலாம். கடலைச் சென்றடைவதற்கு முன் அதனைப் படிக்க வேண்டும் என்பதே முதல் விடை. படிப்பதையே பணியாகக் கொண்ட ஓர் அவையில் இதைப் பேசுவது பொருந்தாச் செயல் ஆகாது.

தீவும் ஓடமும்

உபின் பெரிய தீவன்று. அதன் பரப்பு ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர். கிழக்கு மேற்காக நீண்டு, நடுவே சற்று வளைந்து கிடப்பது. தெற்கே செராங்கூன் துறைமுகம் எனப்படும் நீர்ப்பரப்பு, அதற்கப்பால் சாங்கி. வடக்கே ஜொகூர் நீரிணை, அதற்கப்பால் மலேசியா. சாங்கி முனையிலிருந்து பயணிகள் படகில் ஏறினால் பத்து நிமிடங்களில் தீவின் படகுத்துறையை அடைந்துவிடலாம். முற்காலத்தில் ஓத நீரோடைகள் இத்தீவைச் சிறு சிறு தீவுகளாகப் பிரித்திருந்தன. இறால் வளர்ப்புக்காகக் கட்டப்பட்ட கரைகள் பிற்காலத்தில் அவற்றை ஒன்றாக இணைத்துவிட்டன.

உபின் என்றாலே கருங்கல். 1851இல் கட்டி முடிக்கப்பட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் இத்தீவின் கல்லால் ஆனது. சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைத்து 1924இல் முறையாகத் திறக்கப்பட்ட கடல்வழிக் கரைப்பாலத்துக்கும் இங்கிருந்து கல் சென்றது. இந்தச் செய்தியை அவையோர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தீவைச் சுற்ற எண்ணும் ஓடக்காரனுக்கு அந்தக் கல் பிறகு தேவைப்படும். இன்று கல் உடைக்கும் ஓசை அங்கில்லை. வெட்டிய பள்ளங்களில் நீர் தேங்கி ஏரிகளாகிவிட்டன. காடு திரும்பியிருக்கிறது. நெடுங்காலம் சிங்கப்பூரில் காணப்படாதிருந்த இருவாட்சிப் பறவை 1994இல் இங்குதான் மீண்டும் கண்ணில் பட்டது.

கயாக் என்பது வடதுருவப் பகுதியில் வாழும் இனுவிட் மக்கள் உலகுக்களித்த கொடை. கடல்நாய்த் தோலைச் சட்டத்தின் மேல் இழுத்துத் தைத்து, வேட்டையாடச் செல்லும் ஒருவர் அமரும் அளவுக்குச் செய்த ஓடம் அது. கட்டுமரம் என்னும் தமிழ்ச்சொல் ஆங்கிலத்தில் ஏறி உலகைச் சுற்றியது போலவே, இனுவிட் சொல்லும் பனிக்கடலிலிருந்து வெப்பக்கடலுக்கு வந்து சேர்ந்துள்ளது. இன்று அது நெகிழியால் ஆனது. ஒருவர் அமர்வதும் உண்டு, இருவர் அமர்வதும் உண்டு. இரு முனையிலும் அலகு கொண்ட துடுப்பினால் செலுத்தப்படுவது. நீர்மட்டத்துக்கு மிக அருகில் அமர்ந்து செல்வதால் சிறு அலையும் பெரிதாகத் தெரியும். பெரிய கப்பலிலிருந்து பார்ப்பவர்க்கோ இந்த ஓடம் தெரியாமலே போகக்கூடும். இவ்விரண்டையும் மனத்திற்கொண்டே திட்டம் தொடங்க வேண்டும்.

நீரின் கடிகாரம்

திட்டமிடுவோர் முதலில் விரிக்க வேண்டியது வரைபடத்தை அன்று, ஓத அட்டவணையை. ஓதம் என்பது கடல்நீரின் ஏற்றமும் வற்றமும் ஆகும். சிங்கப்பூரைச் சூழ்ந்த கடலில் நாளொன்றுக்குப் பொதுவாக இருமுறை நீர் ஏறி இருமுறை வற்றும். ஓர் உயர்நீருக்கும் அடுத்த உயர்நீருக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடங்கள். ஆகவே இன்று காலை எட்டு மணிக்கு வந்த உயர்நீர் நாளை எட்டே முக்காலுக்குப் பின்னரே வரும். முழுமதியையும் அமாவாசையையும் உவா என ஒரே சொல்லால் குறித்தது பழந்தமிழ். அந்நாட்களை ஒட்டி நீர் மிக உயர்ந்து மிகத் தாழும். இப்பகுதியில் இவ்வேறுபாடு மூன்று மீட்டரை நெருங்குவதும் உண்டு. அரைமதி நாட்களை ஒட்டி வேறுபாடு குறையும், நீரோட்டமும் தணியும்.

இங்கு ஒரு வேடிக்கையைக் குறிப்பிடலாம். அட்டமியிலும் நவமியிலும் பயணம் புறப்படலாகாது என்பது பெரியோர் வழக்கு. கடலோ அவ்விரு நாட்களிலும் அவற்றை அடுத்த ஓரிரு நாட்களிலுந்தான் மென்மையாக நடந்துகொள்கிறது. பஞ்சாங்கத்தையும் ஓத அட்டவணையையும் ஒருங்கே விரித்து வைத்திருக்கும் வீடுகளில் இதனால் சிறு சச்சரவு எழக்கூடும்.

நீர் ஆறு மணி நேரத்தில் ஏறுகிறது என்றால், மணிக்கு ஆறில் ஒரு பங்கு என்று சீராக ஏறுவதில்லை. மாலுமிகளிடையே வழங்கும் எளிய கணக்கு ஒன்றுண்டு. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு, மூன்றாம் நான்காம் மணிகளில் மும்மூன்று, ஐந்தாம் மணியில் இரண்டு, ஆறாம் மணியில் ஒன்று. மொத்த வேறுபாடு 2.4 மீட்டர் எனின், முதல் மணியில் 20 சென்டிமீட்டர் மாறும் நீர், மூன்றாம் மணியில் 60 சென்டிமீட்டர் மாறும். நடு இரண்டு மணி நேரமே ஓட்டம் வலுப்பெறும் காலம். தொடக்கமும் முடிவும் தணிந்திருக்கும். இது துல்லியமான கணக்கன்று. ஆயினும் துடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு மனத்தால் போடக்கூடிய கணக்கு.

இனி அந்தக் கருங்கல்லிடம் வரலாம். கரைப்பாலம் கட்டப்படுவதற்கு முன் ஜொகூர் நீரிணையில் இருபுறமும் நீர் புகுந்து வெளியேற வழி இருந்தது. பாலம் நடுவே தடுப்புச் சுவராக எழுந்தபின், கிழக்குப் பகுதிக்கு வாயில் ஒன்றே. ஏற்றத்தின்போது நீர் கிழக்கிலிருந்து புகுந்து மேற்கு நோக்கிச் செல்லும். வற்றத்தின்போது அதே வழியே கிழக்கு நோக்கித் திரும்பும். உபின் தீவு இந்த வாயிலுக்கு அருகே கிடக்கிறது. ஆகவே தீவின் தென்புறத்திலும் வடபுறத்திலும் நீரின் பொதுவான போக்கு ஒன்றே. தீவிலிருந்து வெட்டிச் சென்ற கல், தீவைச் சுற்றும் நீரின் வழக்கையே மாற்றி அமைத்துவிட்டது.

இதன் விளைவு ஓடக்காரனுக்கு மிக முக்கியம். ஒரே ஓதத்தில் தீவைச் சுற்ற முயல்வோன் பாதி வழி நீரோடும் பாதி வழி நீருக்கு எதிராகவும் செல்ல நேரும். குழுவின் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர் என்றும், நீரோட்டம் ஒரு நாட், அதாவது மணிக்கு 1.85 கிலோமீட்டர் என்றும் கொண்டால், நீரோடு செல்லும்போது வேகம் ஏழுக்கு அருகில். எதிர்த்துச் செல்லும்போது மூன்றே சொச்சம். அதே கைகள், அதே உழைப்பு. பயன் பாதிக்கும் குறைவு. இளைஞரின் தோள்வலிமையால் இதை ஈடுகட்டிவிடலாம் என்று எண்ணுவது, அந்த யானை எண்ணியதைப் போன்றதே.

வழியும் வேளையும்

எனவே திட்டம் இவ்வாறு அமையலாம். எட்டுப் பேர், இருவர் அமரும் நான்கு ஓடங்கள் என வைத்துக்கொள்ளலாம். முதல் நாள் சாங்கிக் கரையிலிருந்து புறப்பட்டுச் செராங்கூன் துறைமுகத்தைக் கடந்து, தீவின் தென்கரையிலுள்ள ஜெலுத்தோங் கூடாரத் திடலை அடைதல். தூரம் சிறிது, ஆயினும் இக்கடப்பை எளிதாகக் கருதலாகாது. பயணிகள் படகுகளும் சரக்கு மிதவைகளும் அவற்றை இழுத்துச் செல்லும் விசைப்படகுகளும் செல்லும் வழி அது. இழுவைப் படகுக்கும் அதன் பின்வரும் மிதவைக்கும் இடையே நீருள் தொங்கும் கயிறு கண்ணுக்குத் தெரியாது. அவ்விடைவெளியில் ஓடம் ஒருபோதும் நுழையக்கூடாது. நான்கு ஓடங்களும் நெருங்கிச் சேர்ந்து, வழிக்குக் குறுக்காக, காலம் தாழ்த்தாமல் கடந்துவிட வேண்டும்.

இரண்டாம் நாளுக்கு, உயர்நீர் காலை ஒன்பது மணி அளவில் வரும் நாளாகத் தேர்தல் நலம். பொழுது விடியும் ஏழு மணிக்குப் பின் சற்று நேரத்தில் ஜெலுத்தோங்கிலிருந்து புறப்பட்டால், ஏற்றத்தின் கடைசிப் பகுதி ஓடங்களை மேற்கே கொண்டு செல்லும். புலாவ் கெத்தாம் என்னும் சிறு தீவுக்கும் உபினுக்கும் இடையே, அலையாத்திக் காடுகள் இருமருங்கும் நிற்கும் கால்வாய் வழியே செல்லலாம். நாரையும் மீன்கொத்தியும் தென்படும் பகுதி இது. 1967இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூரின் வெளிப்புறப் பயிற்சிப் பள்ளி தீவின் இம்மேற்குப் பக்கத்தில் உள்ளது. சிங்கப்பூர் இளைஞர் பல தலைமுறையினர் முதன்முதலாகத் துடுப்பு பிடித்தது அங்கேதான். மேற்கு முனையை அடையும்போது நீர் நிற்கும். அங்கே சற்று இளைப்பாறி, நீர் திரும்பத் தொடங்கியதும் வடகரையைப் பிடிக்க வேண்டும். இப்போது வற்றம் ஓடங்களைக் கிழக்கே கொண்டு செல்லும். தீவை முழுதும் சுற்ற நீரே துணை செய்யும். அதற்கு வேண்டியதெல்லாம், அது திரும்பும் வேளையில் மேற்கு முனையில் இருப்பது ஒன்றே.

வடகரை வேறு உலகம். மிதவை மீன் பண்ணைகள் நீரில் நிற்கின்றன. அவற்றை நிலைநிறுத்தும் கயிறுகள் பக்கவாட்டில் நீண்டு கிடக்கும். நீரிணையின் நடுவே இரு நாடுகளின் எல்லை செல்கிறது. 1927இல் செய்யப்பட்ட உடன்பாட்டை அடிப்படையாகக் கொண்டு, 1995இல் சிங்கப்பூரும் மலேசியாவும் அவ்வெல்லையைத் துல்லியமாக வரையறுத்தன. நீர்மேல் கோடு எதுவும் தெரியாது. கைப்பேசி அக்கரையின் அலைவரிசையைப் பற்றிக்கொண்டு, பயணி அயல்நாட்டில் இருப்பதாகவே அறிவிக்கும். தீவின் கரையை ஒட்டியே செல்லுதல் இங்குப் பாதுகாப்பும் ஆகும், சட்டமும் ஆகும். வடகரையில் எங்கே கரையேறலாம், எங்கே கூடாது என்பதைத் தேசியப் பூங்காக் கழகத்திடமும் தீவின் காவல் நிலையத்திடமும் முன்கூட்டியே கேட்டறிந்து, தங்கும் செய்தியைத் தெரிவித்துவிடுதல் கடமை.

நண்பகலுக்குள் கிழக்கு முனை. அங்கேதான் செக் ஜாவா. நீர் வற்றத் தொடங்கி மூன்று மணி ஆகியிருக்கும்; பன்னிரண்டில் ஆறு பங்கு, அதாவது பாதி நீர் இறங்கியிருக்கும். ஆழமற்ற அந்தத் திட்டின்மேல் குறுக்குவழி தேடினால் ஓடம் சேற்றில் அமரும். இறங்கித் தள்ளினால் காலடியில் உயிர்கள் நசுங்கும். கிளிஞ்சல் விளிம்புகள் காலைக் கிழிக்கும். ஆகவே தவளைத் தீவுக்கும் வெளியே விலகிச் சுற்றி, அங்கிருந்து தெற்கே சாங்கிக் கடற்கரையை நோக்க வேண்டும். இக்கடைசிக் கடப்பு வற்றத்துக்குக் குறுக்கே அமைவது. ஓடத்தின் மூக்கைச் சேரவேண்டிய இடத்துக்கு நேராக வைத்தால் நீர் கிழக்கே தள்ளிவிடும்; சற்று மேற்கே வைத்தால்தான் நேரே போய்ச் சேரலாம்.

எல்லா வசதியும் ஒரே நாளில் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓதம் மென்மையான நாளில் உயர்நீர் வேண்டிய வேளையில் வராது போகலாம். வேளை பொருந்தும் நாளில் ஓட்டம் கடுமையாக இருக்கலாம். இரண்டும் பொருந்தும் நாள் வேலைநாளாக இருக்கலாம். விடுமுறையை முதலில் குறித்துவிட்டு அதற்கேற்பக் கடலைத் தேடுவோர் பலர். கடலை முதலில் குறித்துவிட்டு விடுமுறையைத் தேடுவதே முறை.

வானமும் மூட்டையும்

வெப்ப மண்டலத்தில் பனியோ உறைநீரோ இல்லை. அதற்கு ஈடாக இடியும் வெயிலும் உண்டு. சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 170 நாட்கள் இடி முழங்குகிறது. டிசம்பர் முதல் மார்ச்சுத் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவக்காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் காற்று தணிந்து பயணத்துக்கு ஏற்றதாகத் தோன்றும்; ஆனால் பிற்பகல் இடிமழை அம்மாதங்களிலேயே மிகுதி. ‘சுமத்ரா’ எனப்படும் சூறைக்காற்று வரிசை மேற்கிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து, பெரும்பாலும் விடியலுக்கு முன்னிருந்து முற்பகல் வரை வந்து தாக்கும். மேற்கு வானம் கரும்பட்டையாகத் திரண்டு குளிர்காற்று வீசத் தொடங்கினால், மழை வந்தபின் பார்க்கலாம் என்றிருக்கக் கூடாது. நீர்ப்பரப்பில் உயர்ந்து நிற்பது பயணியின் தலையும் துடுப்பும் மட்டுமே. இடி கேட்ட மாத்திரத்தில் அண்மைக் கரையை நாடுதலே வழி.

மூட்டை குறித்து மிகுதியாகக் கூற வேண்டியதில்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் நீர் எனின், எட்டுப் பேருக்கு இரண்டு நாட்களுக்கு 64 லிட்டர். அதாவது 64 கிலோ. இதனை நான்கு ஓடங்களிலும் பகிர்ந்து, கனமானவற்றை நடுவிலும் அடியிலும் வைத்துக் கட்ட வேண்டும். தீவின் கிணற்று நீரை நம்பிச் செல்லலாகாது. அரிசி, அவல், வறுத்த பயறு, பேரீச்சை ஆகியன கெடாது தாங்குவன. எல்லாம் நீர்புகாப் பைகளில் இருத்தல் வேண்டும். கூடாரத்தை உயர்நீர்க் கோட்டுக்கு மேலே அடிக்க வேண்டும். ஓடங்களை மேலே இழுத்து மரத்தோடு கட்டி வைக்க வேண்டும். இரவில் ஓடம் மட்டும் பயணம் போய்விட்ட கதைகள் உலகின் எல்லாக் கரைகளிலும் உண்டு. உணவை வெளியே விட்டு உறங்கினால் காட்டுப்பன்றிகள் விருந்தினராக வரும். பழங்கதையில் கல்லாகிய பன்றியின் சுற்றத்தார் இன்றும் தீவில் நிறைய உள்ளனர்.

உடலில் அணிய வேண்டிய மிதவைச் சட்டை, கழுத்தில் ஊதல், ஓடத்துக்கு ஓர் இழுவைக் கயிறு, நீர்புகா உறையில் கைப்பேசியும் வானொலிக் கருவியும், இரவுக்கு விளக்கு, அபாய அறிவிப்பு ஒளி: இவை குறையக்கூடாதவை. கவிழ்ந்த ஓடத்தில் மீண்டும் ஏறுவதைக் கரையோர அமைதி நீரில் ஒவ்வொருவரும் முன்கூட்டியே செய்து பார்த்திருக்க வேண்டும். செய்து பாராத எதுவும் நடுக்கடலில் கைகொடுப்பதில்லை.

எழுத்தில் வந்த எச்சரிக்கை

1993 மார்ச் 22ஆம் நாள். இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள லைம் வளைகுடா. பள்ளி மாணவர் எட்டுப் பேர், ஓர் ஆசிரியர், இரு பயிற்றுநர்கள் கயாக்குகளில் புறப்பட்டனர். லைம் ரீஜிஸ் என்னும் ஊரிலிருந்து அண்மையிலுள்ள சார்மத் வரை கரையை ஒட்டிச் சென்று, நண்பகலில் சேர்ந்துவிடுவது எண்ணம். மாணவர்கள் கடலில் துடுப்பு வலித்துப் பழகாதவர்கள். புறப்பட்ட சிறிது நேரத்தில் ஆசிரியரின் ஓடம் கவிழ்ந்தது; ஒரு பயிற்றுநர் அவரோடு தங்கினார். ஏனையோரைக் காற்று கடலுக்குள் தள்ளிச் சென்றது. ஓடங்களில் நீர் நிறைந்து ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. அபாய ஒளி எதுவும் அவர்களிடம் இல்லை. நண்பகலில் வரவேண்டியவர்கள் வரவில்லை என்ற செய்தி, பல மணி நேரம் சென்றபின்னரே கடலோரக் காவலரை எட்டியது. குளிர்ந்த கடலில் நெடுநேரம் மிதந்தவர்களுள் மாணவர் நால்வர் உயிரிழந்தனர்.

வழக்கு நடந்தது. பயிற்சி மையத்தை நடத்திய நிறுவனமும் அதன் நிர்வாக இயக்குநரும் 1994இல் கொலையாகாத மரணக் குற்றத்துக்கு உள்ளாயினர். நிறுவனம் ஒன்று அவ்வாறு தீர்ப்பளிக்கப்பட்டது இங்கிலாந்தில் அதுவே முதன்முறை. 1995இல் இளைஞர்க்கான சாகசப் பயிற்சி மையங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் அந்நாட்டில் நிறைவேறியது. விசாரணையில் வெளிவந்த செய்திகளுள் ஒன்று நெஞ்சை உறுத்துவது. அந்நிகழ்ச்சிக்குப் பல மாதங்களுக்கு முன்பே, மையத்தைவிட்டு விலகிய இரு பயிற்றுநர்கள் அங்குள்ள பாதுகாப்புக் குறைகளைச் சுட்டி, இப்படியே போனால் உயிரிழப்பு நேரும் என்னும் பொருள்பட நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியிருந்தனர். எழுத்து இருந்தது. அதற்கு உரிய வாசிப்பு இல்லை.

இந்நிகழ்ச்சியைச் சொல்வது அச்சுறுத்துவதற்காக அன்று. திட்டம் என்பதன் உட்கருவை இது காட்டுகிறது. எங்கே போவது, என்ன சுமப்பது என்பவை திட்டத்தின் எளிய பகுதிகள். எப்போது திரும்புவது என்பதே அரிய பகுதி. நீரில் நனைந்து, கை சோர்ந்து, சேரவேண்டிய கரை கண்ணெதிரே தெரியும் வேளையில், திரும்புவோம் என்று சொல்லும் துணிவு எவர்க்கும் எளிதில் வாராது. இளையவன் நாணத்தால் சொல்லான். மூத்தவன் பெருமையால் சொல்லான். ஆகவே கடலில் எடுக்க முடியாத முடிவைக் கரையிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும். மேற்கு முனையை ஒன்பதரைக்குள் அடையாவிடில் வந்த வழியே திரும்புதல். அலை நுரை கக்கத் தொடங்கினால் புறப்படாதிருத்தல். எட்டுப் பேரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் காரணம் கேளாமல் நின்றுவிடுதல். இவற்றைத் தாளில் எழுதிக் கரையில் இருக்கும் நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். இத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் யாரை அழைப்பது என்பதும் அத்தாளில் இருக்க வேண்டும். லைம் வளைகுடாவில் காணாமற்போன மணிநேரங்களை அத்தகைய ஒரு தாள் மீட்டுத் தந்திருக்கக்கூடும்.

பார்த்தவர்கள் காத்த கரை

இவ்வளவு கவலையும் கணக்கும் எதற்கு, படகில் ஏறிப் பத்து நிமிடத்தில் போய் வந்துவிடலாமே என்று கேட்கலாம். அதற்கு விடை செக் ஜாவாவிடம் இருக்கிறது.

மணற்கரை, பாறைக்கரை, கடற்புல் படுகை, பவளச் சிதைவுத் திட்டு, அலையாத்திக் காடு, கரையோரக் காடு என ஆறு வகை வாழிடங்கள் ஏறத்தாழ 100 ஹெக்டேர் பரப்பில் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் இடம் அது. நிலமீட்புக்காக 1990களின் தொடக்கத்திலேயே குறிக்கப்பட்டிருந்தது. அங்கே என்ன இருக்கிறது என்பதைப் பலர் அறியார். உயர்நீரில் பார்ப்பவர்க்கு வெறும் கடலாகத் தோன்றும் இடம்தானே. 2000ஆம் ஆண்டின் இறுதியில், நீர் வற்றிய வேளையில், தாவர இயல் அறிந்த ஒருவர் அதன் வளத்தைக் கண்டு பிறர்க்குச் சொன்னார். அடுத்த ஆண்டு முழுதும் தன்னார்வலர்களும் அறிவியலாளர்களும் பொதுமக்களும் வற்றத்தின் வேளை பார்த்துச் சென்றனர். எண்ணினர், படமெடுத்தனர், எழுதினர். 2001 டிசம்பரில் நிலமீட்புத் திட்டம் தள்ளி வைக்கப்பட்டது. 2007இல் அங்கே நடைபாலம் திறக்கப்பட்டது. அதே 2007இன் தொடக்கத்தில், கடும் பருவமழையால் ஜொகூர் ஆற்றின் நன்னீர் பெருகிப் பாய்ந்ததில் செக் ஜாவாவின் உயிர்கள் பெருந்தொகையில் மடிந்ததும், பின்னர் சிறிது சிறிதாக வாழ்வு திரும்பியதும் குறிப்பிடத்தக்கவை.

அந்தக் கரை காக்கப்பட்டதற்கு முதற்காரணம், சிலர் ஓத அட்டவணையைப் பார்த்துச் சரியான வேளையில் அங்கு நின்றமையே. நீர் இறங்கும் வேளை அறியாதவர்க்கு அங்கே ஒன்றுமில்லை. துடுப்புப் பயணத்தின் பயனும் இதுவே எனலாம். விசைப்படகில் செல்பவர் தீவுக்குப் போகிறார். ஓடத்தில் சுற்றுபவரோ தீவு எதன்மேல் வாழ்கிறதோ அந்த நீரின் வழக்கைக் கற்றுக்கொண்டு போகிறார். கற்ற பின் அதைக் காப்பதில் அவர்க்கும் பங்கு வந்துவிடுகிறது.

பழங்கதைக்கு மீண்டும் வரலாம். மூன்று விலங்குகளும் கல்லானதற்குக் காரணம் அவற்றின் வலிமைக் குறைவன்று; யானையைவிட வலியது எது? தவறினால் கல்லாக வேண்டும் என்று தமக்குத் தாமே நிபந்தனை விதித்துக்கொண்டதே காரணம். திரும்பி வரலாம் என்னும் வழியை அவை புறப்படும்போதே அடைத்துவிட்டன. அவ்வழியைத் திறந்து வைத்துப் புறப்படும் குழு, தீவைச் சுற்றினாலும் சரி, பாதியில் திரும்பினாலும் சரி, முழுப் பயணமே சென்று வந்ததாகும். ஏனெனில் ஓதம் நாளையும் வரும். ஐம்பது நிமிடம் தாமதமாக, அவ்வளவே.

பத்தாண்டுகள் இடையறாது கூடிவந்த இவ்வட்டத்தினர் இதனை நன்கு அறிவர். ஏற்றமான ஆண்டுகளும் வற்றிய ஆண்டுகளும் எந்த அமைப்புக்கும் உண்டு. வற்றிய வேளையிலும் வந்து நின்று பார்த்தவர்களால்தான் வட்டம் நிலைத்தது. இனிவரும் ஆண்டுகளிலும் நீரின் போக்கறிந்து துடுப்பு வலிக்க வட்டத்துக்கு வாழ்த்து.